ஐபிஎம் ஐ மெஷின்ல வேற கம்பெனி எல்டிஓ-6 டேப் டிரைவ் மாட்டினோம், டிவைஸே வரமாட்டேங்குது – என்ன பண்றது?

ஓசூர்_நைட்ஷிப்ட்:

வணக்கம்ங்க எல்லாருக்கும். ஓசூர் சிப்காட்ல ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில சிஸ்டம்ஸ் பார்க்கிறேன். எங்க ஈஆர்பி (கம்பெனி கணக்கு, ஸ்டாக் எல்லாம் பார்க்கிற சாஃப்ட்வேர்) மொத்தமும் ஐபிஎம்மோட பவர் 720 சர்வர்ல ஓடுது, ஓஎஸ் ஐபிஎம் ஐ 7.3 (பழைய ஏஎஸ்400 வழி வந்தது), ஒரே பார்டிஷன், எச்எம்சி (சர்வரை நிர்வகிக்கிற தனிப் பெட்டி) கிடையாது, லேன் கன்சோல்தான். 5901 எஸ்ஏஎஸ் கார்டுல (டிஸ்க், டேப் மாட்டுற கார்டு) ஒரு எல்டிஓ-4 (எல்டிஓ டேப்ல நாலாவது ஜெனரேஷன்) டிரைவ் ரொம்ப வருஷமா ஓடிட்டிருந்துச்சு, அது கார்ட்ரிட்ஜை உள்ள இழுத்துட்டு வெளிய விடல, சர்வீஸ்காரர் பிரிச்சு டேப்பை மட்டும் எடுத்துக் கொடுத்துட்டு இனி இது தேறாதுன்னு சொல்லிட்டார்.

பெங்களூருல ஒரு டீலர் எல்டிஓ-6 எக்ஸ்டர்னல் டிரைவ் கொடுத்தார். ஐபிஎம் பிராண்டு இல்ல, வேற கம்பெனி. எஸ்ஏஎஸ்னா எல்லாம் எஸ்ஏஎஸ்தான் சார், மாட்டினா ஓடும்னார். கேபிளும் 8088 கனெக்டர், கரெக்டா உட்கார்ந்துச்சு, டிரைவ்ல பச்சை லைட் எரியுது, கார்ட்ரிட்ஜ் போட்டா உள்ள போகுது, பட்டனை அமுக்கினா வெளிய வருது. ஆனா சிஸ்டத்துல ஒன்னும் தெரியல. க்யூஆட்டோகான்ஃபிக் (புது டிவைஸைத் தானா உருவாக்குற செட்டிங்) 1லதான் இருக்கு, புது டேப் டிவைஸ் தானா உருவாகல. வொர்க் ஹார்டுவேர் ரிசோர்ஸ்ல ஸ்டோரேஜ் போட்டுப் பார்த்தா கார்டு வருது, அதுக்குக் கீழ டேப் எதுவும் இல்ல. சரின்னு க்ரியேட் டிவைஸ் டேப் கமாண்டுல கையாலயே டேப்02ன்னு ஒன்னு உருவாக்கினேன், அது உருவாச்சு, ஆனா வேரி ஆன் (டிவைஸை ஆன்லைன் ஆக்குறது) பண்ணா பெயில். அதே டிரைவை எங்க லினக்ஸ் சர்வர்ல மாட்டினா எழுதுது, படிக்குது, ஒரு பிரச்சனையும் இல்ல.

இதை எப்படி கான்ஃபிகர் பண்றதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. மார்ச் 31 கணக்கு முடிக்கிறதுக்குள்ள ஃபுல் பேக்கப் எடுத்தே ஆகணும், இப்ப டெய்லி சேவ் ஃபைல்ல (அதே டிஸ்க்ல இருக்கிற பேக்கப் ஃபைல்) மட்டும்தான் போயிட்டிருக்கு, ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது.

—

பர்கூரான்:

தம்பி, ஐபிஎம் டிரைவே வாங்கிடுங்க. செகண்ட்ஸ்ல கிடைக்கும். நாங்க கிரானைட் யூனிட்ல இருந்தப்ப வேற பிராண்டு மாட்டி பெரிய தலைவலி ஆச்சு, கடைசில திரும்ப ஐபிஎம்தான்.

—

பச்சைத்திரை:

ஓசூர் தம்பி, கிருஷ்ணகிரிதான் எனக்கும் சொந்த ஊர், ஏஎஸ்400 ஆபரேட்டரா ஆரம்பிச்சு இன்னைக்கு வரைக்கும் இதே பச்சை ஸ்க்ரீன்தான் பொழப்பு. உங்க பிரச்சனை கான்ஃபிகரேஷனே இல்ல, அதை முதல்ல மனசுல வாங்கிக்கங்க, இல்லைனா கமாண்டா அடிச்சு அடிச்சு நாள் போயிடும்.

டிவைஸ் டிஸ்க்ரிப்ஷன்ங்கிறது வெறும் பேர் பலகை. வீடே கட்டாத மனையில பலகை மட்டும் நட்டா தபால்காரர் யார்கிட்ட லெட்டர் கொடுப்பார். நீங்க உருவாக்கின டேப்02க்குப் பின்னாடி ஹார்டுவேர் ரிசோர்ஸ் இல்ல, அதனாலதான் வேரி ஆன் ஆகல. ரிசோர்ஸ் வந்துச்சுன்னா மத்ததெல்லாம் ஆட்டோகான்ஃபிக் பார்த்துக்கும், நீங்க கையே வைக்க வேணாம். கேள்வி என்னன்னா ரிசோர்ஸ் ஏன் வரல.

டிரைவை மாட்டினதும் கார்டு அதுகிட்ட நீ யாருப்பான்னு கேட்கும், அதுக்கு ஸ்கஸி இன்குயரின்னு பேரு, எஸ்ஏஎஸ் வந்தாலும் ஃபைபர் வந்தாலும் உள்ள பேசுறது அதே ஸ்கஸி பாஷைதான். டிரைவ் பதிலா 8 எழுத்துல கம்பெனி பேர், 16 எழுத்துல மாடல் பேர், 4 எழுத்துல ஃபர்ம்வேர் வெர்ஷன் அனுப்பும். லினக்ஸ் இதுல ரொம்ப தாராளம், டேப் வகைன்னு தெரிஞ்சா போதும், ஜெனரிக் டிரைவர் போட்டு ஓட்டிடும். ஐபிஎம் ஐ அப்படி இல்ல. அது கையில ஒரு லிஸ்ட் வச்சிருக்கு, டிரைவ் சொல்ற பேர் அந்த லிஸ்ட்ல இருந்தாத்தான் 3580ன்னு (ஐபிஎம் எல்டிஓ டிரைவோட டைப் நம்பர்) டைப் கொடுத்து ரிசோர்ஸ் உருவாக்கும். பேர் இல்லைனா ஒன்னு வரவே வராது, இல்ல தெரியாத டைப்பா ஒரு மூலையில நிக்கும். டிரைவர் டவுன்லோடு பண்ணி போடுறதுங்கிற சமாச்சாரமே இங்க கிடையாது, எல்லாம் லைசென்ஸ்டு இன்டர்னல் கோடுக்குள்ள (ஓஎஸ்க்கு அடியில ஓடுற கோடு) இருக்கு.

அதனால இப்ப நீங்க பண்ண வேண்டியது, அதே லினக்ஸ் சர்வர்ல டிரைவை மாட்டி எல்எஸ்ஸ்கஸி (lsscsi) கமாண்டு அடிச்சு என்ன பேர் வருதுன்னு எழுத்து எழுத்தா பார்த்து இங்க போடுங்க. ஐபிஎம்மோட ஹாஃப் ஹைட் எல்டிஓ-6னா கம்பெனி இடத்துல ஐபிஎம், மாடல் இடத்துல யூஎல்டி3580-எச்எச்6ன்னு வரணும், ஃபுல் ஹைட்னா கடைசில டிடி6. ஒன்னு கவனிங்க, அதே ஐபிஎம் மெக்கானிசத்தை வேற கம்பெனிகளும் வாங்கி அவங்க பெட்டிக்குள்ள வைப்பாங்க, அப்ப அல்ட்ரியம்-எச்எச்6ன்னு வேற மாதிரி பேர் வரும். மெக்கானிசம் ஒன்னுதானேன்னு டீலர் சொல்லுவார், உண்மைதான், ஆனா சிஸ்டம் பார்க்கிறது மெக்கானிசத்தை இல்ல, பேரைத்தான்.

முன்ன எல்லாம் மூணாவது கம்பெனிக்காரங்க ஏஎஸ்400க்குன்னே டிரைவ் செஞ்சாங்க, அதுல ஃபர்ம்வேர்லயே எமுலேஷன் மோட் இருக்கும், நான் 3490, நான் 3590ன்னு ஐபிஎம் மாடல் பேரைச் சொல்லி உள்ள வந்துடும். அது நல்லாவே ஓடுச்சு, அதனால பர்கூர் அண்ணன் சொல்ற மாதிரி வேற பிராண்டுன்னாலே ஆகாதுன்னு நான் சொல்லமாட்டேன். உங்க டிரைவ்லயும் அந்த மாதிரி மோட் இருக்கான்னு மேனுவல்ல பாருங்க, இருந்தா ஐபிஎம் ஐன்னு போட்டிருக்கும்.

இன்குயரி பேர் சரியா இருந்தும் வரலைன்னா மட்டும் அடுத்த வழி. எஸ்எஸ்டி (சிஸ்டம் சர்வீஸ் டூல்ஸ்) போய் ஹார்டுவேர் சர்வீஸ் மேனேஜர்ல லாஜிக்கல் ரிசோர்ஸ், சிஸ்டம் பஸ், அங்க 5901 எந்த வர்ச்சுவல் ஐஓபிக்குக் (ஐஓ ப்ராசஸர்) கீழ இருக்குன்னு பார்த்து ஆப்ஷன் 6 ஐஓ டீபக், அதுல 4 ஐபிஎல் ஐஓ ப்ராசஸர் கொடுத்தா கார்டு திரும்ப எழுந்து தன் கீழ இருக்கிற எல்லாத்தையும் புதுசா விசாரிக்கும், மொத்த சிஸ்டத்தையும் ஐபிஎல் (ரீஸ்டார்ட்) பண்ண வேணாம். ஆனா அந்தக் கார்டுல டிஸ்க் எதுவும் இல்ல, கன்சோல் அதுல வரலன்னு நூறு தடவை உறுதி பண்ணிட்டுத்தான் 4 அமுக்கணும். டிஸ்க் இருக்கிற கார்டை இப்படி எழுப்பினா சிஸ்டம் கீழ விழுந்துடும். ஷிப்ட் ஓடுற நேரத்துல தொடவே தொடாதீங்க.

—

தொப்பூர்_கணவாய்:

பச்சைத்திரை அண்ணன் சொன்னதுக்கு மேல டிரைவ் விஷயத்துல நான் சொல்ல ஒன்னும் இல்ல. தர்மபுரில ஒரு டிரேடிங் கம்பெனில இதே மாதிரி மெஷின் பார்க்கிறேன், டிரைவ் இல்லாத நாள்ல எப்படி ஓட்டுறதுன்னு மட்டும் சொல்றேன்.

சேவ் ஃபைலை விட வர்ச்சுவல் டேப் (டிஸ்க்லயே டேப் மாதிரி நடந்துக்கிற டிவைஸ்) நல்லது நண்பா. வி5ஆர்4ல இருந்தே இருக்கு. க்ரியேட் டிவைஸ் டேப்ல ரிசோர்ஸ் நேம் இடத்துல ஸ்டார் போட்டு விஆர்டின்னு கொடுத்தா வர்ச்சுவல் டிவைஸ் வந்துடும், அப்புறம் இமேஜ் கேட்டலாக் டேப் டைப்ல ஒன்னு உருவாக்கி அதுல வால்யூம் சேர்த்து லோடு பண்ணுங்க. உங்க சேவ் சிஎல் (கமாண்டுகளை வரிசையா எழுதி வச்ச) ப்ரோக்ராமை மாத்தவே தேவையில்ல, டிவைஸ் பேர் மட்டும் மாத்தினா போதும். முக்கியமா வால்யூம் சேர்க்கிறப்ப டென்சிட்டி விஆர்டி256கேன்னு கொடுங்க, ஏன்னா எல்டிஓ 256கே பிளாக்ல எழுதும், பிளாக் சைஸ் ஒன்னா இருந்தாத்தான் பின்னாடி டூப்ளிகேட் டேப் கமாண்டுல அப்படியே ஒரிஜினல் டேப்புக்கு இறக்க முடியும். இதைக் கவனிக்காம சின்ன டென்சிட்டில போட்டுட்டு அப்புறம் டூப் டேப் ஓடலைன்னு வர்றவங்க நிறைய பேர்.

அந்த இமேஜ் ஃபைல் எல்லாம் ஐஎஃப்எஸ்லதான் உட்காரும், அதாவது அதே டிஸ்க்ல. அதனால முடிஞ்ச உடனே எஃப்டிபில வேற பெட்டிக்கு தள்ளிடுங்க, டிஸ்க் போச்சுன்னா பேக்கப்பும் சேர்ந்து போயிடும். சிஸ்டம் ஏஎஸ்பி (சிஸ்டத்தோட டிஸ்க் இடம்) எத்தனை பர்சன்ட்ல இருக்குன்னு வொர்க் சிஸ்டம் ஸ்டேட்டஸ்ல பார்த்துக்கிட்டே இருங்க, 90 தாண்டினா எச்சரிக்கை மெசேஜ் வரும், 100ஐத் தொட்டா மெஷின் நின்னுடும். ஐயோ பேக்கப் எடுக்கப்போய் ப்ரொடக்ஷன் நின்னுச்சுன்னு ஆகிடக்கூடாது.

இன்னொன்னு. உங்ககிட்ட பழைய டேப் எந்த ஜெனரேஷன்ல இருக்கு? எல்டிஓ-6 டிரைவ் எல்டிஓ-4ஐ படிக்க மட்டும் செய்யும், எழுதாது. எல்டிஓ-3ஐ படிக்கவே படிக்காது. ரெண்டு ஜெனரேஷன் கீழ வரைக்கும்தான் படிக்கும். இதுவே எல்டிஓ-8னா எல்டிஓ-7 வரைக்கும்தான், ஒரே ஒரு படி. கம்பெனிச் சட்டப்படி கணக்கு 8 வருஷம் வச்சிருக்கணும், ஜிஎஸ்டிக்கு வருஷ ரிட்டர்ன் கடைசி தேதில இருந்து 72 மாசம். ஆடிட்டர் திடீர்னு பழைய வருஷத்தைக் கேட்டா டேப் பீரோல இருக்கும், படிக்க டிரைவ் இருக்காது.

—

ஓசூர்_நைட்ஷிப்ட்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். லினக்ஸ்ல போட்டுப் பார்த்துட்டேன். கம்பெனி பேர் இடத்துலயே ஐபிஎம் இல்ல, அந்த பிராண்டோட சொந்தப் பேர்தான் வருது, மாடல்லயும் 3580ங்கிறதே இல்ல. மேனுவல் முழுக்கத் தேடினேன், எமுலேஷன்னு ஒரு வார்த்தை இல்ல, சப்போர்ட் லிஸ்ட்ல விண்டோஸ், லினக்ஸ், இன்னும் சில யூனிக்ஸ் இருக்கு, ஐபிஎம் ஐ இல்ல. டீலரைக் கேட்டா ஃபர்ம்வேர் மாத்தி ஐபிஎம் பேர் வர வச்சுத் தர்றேங்கிறார். பண்ணலாமா?

எல்டிஓ-3 டேப் கொஞ்சம் இருக்குங்க, 2013க்கு முன்னாடி உள்ளது. மத்ததெல்லாம் எல்டிஓ-4. வர்ச்சுவல் டேப் இன்னைக்கே போட்டுட்டேன், ஓடுது.

—

பச்சைத்திரை:

வேணாம் தம்பி, ஃபர்ம்வேர் மாத்தவே வேணாம். ஒரு கம்பெனி மெக்கானிசத்துல இன்னொரு கம்பெனி ஃபர்ம்வேர் ஏறாது, ஏறின மாதிரி யாராச்சும் காட்டினாலும் பேர் மட்டும்தான் மாறியிருக்கும். சிஸ்டம் இது 3580ன்னு நம்பி 3580க்கான எர்ரர் ரெக்கவரி, 3580க்கான லாக் பேஜ் எல்லாம் கேட்கும், டிரைவ் வேற மாதிரி பதில் சொல்லும். எழுதுற அன்னைக்கு ஒன்னும் தெரியாது, எல்லா ஆப்ஜெக்டும் சேவ் ஆச்சுன்னு மெசேஜ் அழகா வரும். ரீஸ்டோர் பண்ற அன்னைக்குத்தான் தெரியும், அன்னைக்கு மெஷின்ல டேட்டா இருக்காது. நேர்மையா எமுலேஷன் செஞ்சு ஐபிஎம் ஐல டெஸ்ட் பண்ணி விக்கிற கம்பெனி வேற, பெங்களூரு எஸ்பி ரோட் கடைகள்ல ஸ்டிக்கர் மாத்திக் கொடுக்கிறது வேற. அந்த டிரைவைத் திருப்பிக் கொடுங்க, பில்லுல எந்த சிஸ்டத்துக்குன்னு எழுதியிருந்தா அவர் வாங்கித்தான் ஆகணும்.

அடுத்து வாங்குறப்ப பில்லுல மூணு விஷயம் எழுதி வாங்குங்க: இன்குயரி பேர் என்ன வரும், ஐபிஎம் ஐ எந்த ரிலீஸ்ல ஓடும், அப்புறம் டி மோட் ஐபிஎல் (டேப்ல இருந்தே மெஷினை எழுப்புறது) ஆகுமா. இந்த மூணாவதைத்தான் யாரும் கேட்கிறதில்ல, எனக்கு இருக்கிற பெரிய ஆதங்கமே இதுதான், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

சேவ் லிப், ரீஸ்டோர் லிப் எல்லாம் ஓஎஸ் ஓடிட்டிருக்கிறப்ப நடக்கிறது. ஆனா லோடு சோர்ஸ் டிஸ்க்கே (மெஷின் எழும்புற முதல் டிஸ்க்) போயிட்டா ஓஎஸ் எங்க இருக்கு? ஆப்ஷன் 21ல (மொத்த சிஸ்டத்தையும் சேவ் பண்றது) எடுத்த டேப்பைப் போட்டு கண்ட்ரோல் பேனல்ல டி கொடுத்து டேப்ல இருந்தே மெஷினை எழுப்பணும். அந்த நேரத்துல டேப்பைப் படிக்கிறது ஓஎஸ் இல்ல, அதுக்கு முன்னாடி ஓடுற கோடு. அதுக்கு அந்தக் கார்டு, அந்த டிரைவ் ரெண்டும் தெரியணும். ஓஎஸ்ல நல்லா ஓடுற டிரைவ் டி மோட்ல எழும்பாம போன கதை நான் பார்த்திருக்கேன். அதே மாதிரி வர்ச்சுவல் டேப்ல இருந்து நேரா டி ஐபிஎல் பண்ண முடியாது, அதனால தொப்பூர் தம்பி சொன்ன வழி இடைக்காலத்துக்குத்தான், அதையே நம்பி உட்கார்ந்துடாதீங்க.

டெஸ்ட் எப்படின்னா, ஞாயித்துக்கிழமை ஷிப்ட் இல்லாத நேரமா பார்த்து முதல்ல ஆப்ஷன் 21 முடிச்சுக்கங்க. சர்வீஸ் டூல்ஸ் க்யூசெக்ஆஃபர் (செக்யூரிட்டி ஆஃபீசர் யூசர்) பாஸ்வேர்டு கையில இருக்கான்னு முன்னாடியே எஸ்எஸ்டில லாகின் பண்ணிப் பாருங்க, சாதாரண க்யூசெக்ஆஃபர் வேற, இது வேற, நிறைய கம்பெனில இது யாருக்கும் தெரியாது. அப்புறம் சேவ் எடுத்த முதல் வால்யூமை டிரைவ்ல விட்டுட்டு சிஸ்டத்தை பவர் டவுன் பண்ணி, பேனல்ல ஃபங்ஷன் 02ல மேனுவல், ஐபிஎல் டைப் டின்னு வச்சு ஆன் பண்ணுங்க. டேப் சுத்துற சத்தம் கேட்கும், கொஞ்ச நேரம் ஆகும், பதறாதீங்க. கன்சோல்ல இன்ஸ்டால் லைசென்ஸ்டு இன்டர்னல் கோடுன்னு ஸ்க்ரீன் வந்துச்சுன்னா டிரைவ் பாஸ். அதோட நிறுத்திக்கணும். அந்த ஸ்க்ரீன்ல 1 அமுக்கக்கூடாது, அதுக்குள்ள போனா இன்ஸ்டால் அண்ட் இனிஷியலைஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அது டிஸ்க்கைத் துடைச்சுடும். பக்கத்துல இன்னொரு ஆளை நிக்க வச்சுக்கங்க. பவர் ஆஃப் பண்ணி, திரும்ப பி (டிஸ்க்ல இருந்து எழுப்புறது), நார்மல்னு மாத்தி எழுப்பிடுங்க.

—

பர்கூரான்:

இது எனக்கே புதுசுங்க. நாங்க இத்தனை காலம் 21 எடுத்து பீரோல வச்சதோட சரி, டி மோட்ல போட்டுப் பார்த்ததே இல்ல. நல்லா சொன்னீங்க.

—

தொப்பூர்_கணவாய்:

எல்டிஓ-3 டேப்புக்கு: எல்டிஓ-5 டிரைவ் ஒன்னு வாடகைக்கோ செகண்ட்ஸ்லயோ பிடிங்க, அது எல்டிஓ-3ஐ படிக்கும். அதுலயும் இன்குயரி பேர் ஐபிஎம் 3580ன்னு வரணும், மறக்காதீங்க. அதுல இருந்து டூப் டேப்ல வர்ச்சுவலுக்கு ஏத்தி, எல்டிஓ-6 வந்ததும் இறக்கிடுங்க. ஒரு எல்டிஓ-6 கார்ட்ரிட்ஜ் கம்ப்ரஷன் இல்லாம 2.5 டிபி, அட்டையில 6.25ன்னு போட்டிருக்கும், அதை நம்பி கணக்குப் போடாதீங்க. எல்டிஓ-3ல ஒன்னு 400 ஜிபிதான், பழசு முழுக்க ரெண்டு மூணு கார்ட்ரிட்ஜ்ல அடங்கிடும்.

டேப்பை ஊர்ல இருந்து ஊருக்குக் கொண்டுபோறப்ப பைக் டேங்க் கவர்ல வைக்காதீங்க, மே மாசத்துல தொப்பூர் இறக்கத்துல என்ன வெயில் அடிக்கும்னு உங்களுக்குத் தெரியும். ஏசி ரூமுக்கு வந்ததும் உடனே டிரைவ்ல போடாம ஒரு நாள் விட்டுப் போடுங்க.

—

ஓசூர்_நைட்ஷிப்ட்:

அப்டேட்ங்க. டீலர் முணுமுணுத்துக்கிட்டே டிரைவைத் திருப்பி வாங்கிட்டு ஐபிஎம் ஹாஃப் ஹைட் எல்டிஓ-6 கொடுத்தார், பழசுதான், ஆனா லினக்ஸ்ல யூஎல்டி3580-எச்எச்6ன்னு அச்சு அசலா வந்துச்சு, அதைப் பார்த்துட்டுத்தான் பணமே கொடுத்தோம். பவர் 720ல மாட்டி வர்ச்சுவல் ஐஓபியை எழுப்பின உடனே 3580 வந்து நின்னுச்சு, டேப்03ன்னு டிவைஸும் தானா உருவாகிடுச்சு. இனிஷியலைஸ் டேப், டிஸ்ப்ளே டேப் எல்லாம் ஓகே. மேனேஜர்கிட்ட ஞாயித்துக்கிழமை டவுன்டைம் வாங்கிட்டேன், 21 எடுத்துட்டு டி மோட் பார்த்துட்டு எழுதுறேன்.

ஒரே ஒரு சந்தேகம், எங்க பேக்கப் சிஎல் எல்லாத்துலயும் டேப்01ன்னே எழுதி வச்சிருக்காங்க, சோர்ஸ் சிலதுக்கு இல்லவே இல்ல, எழுதினவர் ரிட்டயர் ஆகிட்டார். டேப்03ஐ எப்படி டேப்01 ஆக்குறது?

—

பச்சைத்திரை:

சிஎல்லைத் தொட வேணாம். பழைய டேப்01 டிஸ்க்ரிப்ஷனை வேரி ஆஃப் பண்ணி டெலீட் பண்ணுங்க, நீங்க கையால உருவாக்கின டேப்02ஐயும் தூக்கிடுங்க. அப்புறம் டேப்03ஐ வேரி ஆஃப் பண்ணி அதையும் டெலீட் பண்ணிட்டு, க்ரியேட் டிவைஸ் டேப்ல டிவைஸ் பேர் டேப்01, ரிசோர்ஸ் நேம்ல மட்டும் ஹார்டுவேர் லிஸ்ட்ல என்ன பேர் வருதோ அதைக் கொடுங்க. டிவைஸ் பேரும் ரிசோர்ஸ் பேரும் ஒன்னாத்தான் இருக்கணும்னு கட்டாயம் இல்ல. இதை ஞாயித்துக்கிழமை 21க்கு முன்னாடியே முடிச்சுடுங்க, அப்பத்தான் சேவ் ஆகுற கான்ஃபிகரேஷன்லயும் புது டேப்01 இருக்கும். அந்த டி மோட் ஸ்க்ரீன் வந்ததும் இங்க ஒரு வரி போடுங்க தம்பி, காத்திருக்கேன்.